ஹெலிகாப்டர் குழுவின் பணிச்சுமையை முன்கூட்டிக் கணித்தல்: ஒரு வரலாறு

ராணுவ ஹெலிகாப்டரை இயக்கும் குழுவினர் ஒரு பறப்பின்போது எந்தக் கணத்தில் எவ்வளவு வேலையைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதை, அந்த ஹெலிகாப்டர் கட்டி முடிக்கப்படும் முன்பே எண்களாக மதிப்பிடுவது பணிச்சுமை முன்கணிப்பு எனப்படுகிறது. கண், காது, மூளை, கைகால் ஆகிய நான்கின் மீதும் ஒரே நேரத்தில் விழும் வேலையையே இத்துறையில் சுமை என்கிறார்கள். 1980களில் அமெரிக்கத் தரைப்படை எழுப்பிய ஒரு கேள்வியிலிருந்து இது தனித் துறையாக வளர்ந்தது. 'ஹெலிகாப்டருக்கு ஒரு விமானி போதுமா, இருவர் வேண்டுமா?' என்பதே அந்தக் கேள்வி.

பொள்ளாச்சியில் இருந்துகொண்டு இதை எழுத ஒரு காரணம் உண்டு. கோவைக்குக் கிழக்கே இருக்கும் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து 2021 டிசம்பர் 8 அன்று முற்பகல் 11.48 மணிக்கு ஓர் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் வெலிங்டனுக்குப் புறப்பட்டது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் துணைவியார் மதுலிகா ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தனர். 12.15க்குத் தரையிறங்கியிருக்க வேண்டும். 12.08 அளவில் சூலூர்க் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அற்றுப்போனது. குன்னூரை அடுத்த காட்டேரி, நஞ்சப்பசத்திரம் பகுதியில் அது விழுந்து எரிந்தது. அன்று 13 பேர் இறந்தனர். மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து பெங்களூரு மருத்துவமனையில் காலமானார்.

முப்படை விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவை 2022 ஜனவரி 14 அன்று விமானப்படை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு, நாசவேலை, கவனக்குறைவு ஆகிய மூன்றும் காரணமல்ல என்றது அந்த அறிக்கை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, அதனால் விமானிக்கு இட உணர்வு மயங்கியது, ஹெலிகாப்டர் கட்டுப்பாட்டில் இருந்தபடியே நிலத்தில் மோதியது என்று விளக்கியது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வந்தது. 2017 முதல் 2022 வரையிலான காலத்தில் விமானப்படையில் நிகழ்ந்த 34 விபத்துகள் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. இந்த விபத்துக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், 'மனிதத் தவறு (விமானக் குழு)' என்று இருந்தது.

இரண்டு அறிக்கைகளும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன. முதலாவது நடந்ததை விவரிக்கிறது, இரண்டாவது அதற்கு ஒரு பெயர் வைக்கிறது. அந்தப் பெயரோடு விசாரணையை முடித்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்த சிலரால்தான் பணிச்சுமைக் கணிப்பு என்ற துறையே பிறந்தது.

ஹெலிகாப்டர் ஏன் தனி

சாதாரண விமானத்தில் கையை எடுத்துவிட்டாலும் அது கொஞ்ச நேரம் தன்போக்கில் நேராகப் பறக்கும். ஹெலிகாப்டர் அப்படியல்ல. விமானியின் இடக்கையில் 'கலெக்டிவ்' என்ற நெம்புகோல் இருக்கும். மேலே சுழலும் இறக்கைகள் அனைத்தின் சாய்வையும் ஒருசேர மாற்றி, ஏறவும் இறங்கவும் செய்வது அது. வலக்கையில் 'சைக்ளிக்' என்ற கோல், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்துவதற்கு. இரு கால்களுக்கும் மிதிகள், வால் விசிறியைக் கட்டுப்படுத்தி மூக்கைத் திருப்புவதற்கு. இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றவையும் மாறும். கலெக்டிவை உயர்த்தினால் மூக்கு ஒருபக்கம் திரும்பும், அதை மிதியால் சரிசெய்ய வேண்டும், மிதியை அழுத்தினால் வண்டி பக்கவாட்டில் நகரும், அதைச் சைக்ளிக்கால் பிடிக்க வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும். ஓட்டுபவருக்கு மிகக் கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று.

இரு கைகளும் இரு கால்களும் இப்படி முழுநேரமும் வேலையில் இருக்க, வெளியே பார்க்க வேண்டும், அளவுமானிகளைப் படிக்க வேண்டும், வானொலியில் பேச வேண்டும், வரைபடத்தோடு நிலத்தை ஒப்பிட வேண்டும். ராணுவ ஹெலிகாப்டர் என்றால் இவற்றோடு ஆயுதமும் எதிரியும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆழியாறு–வால்பாறைப் பாதையே போதும். 40 கொண்டை ஊசி வளைவுகள். மலையேறும் பேருந்தில் ஓட்டுநரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. குறுகிய வளைவில் எதிரே வண்டி வந்து பின்னால் எடுக்க நேர்ந்தால், நடத்துநர் இறங்கி நின்று 'வரட்டுங்க, வரட்டுங்க' என்று குரல் கொடுப்பார், விசில் அடிப்பார். ஓட்டுநரின் கண் பார்க்க முடியாத பகுதியை நடத்துநரின் கண் பார்த்து, அவர் காதுக்கு அனுப்புகிறது. சுமையைக் கண்ணிலிருந்து காதுக்கு மாற்றும் இந்த ஏற்பாட்டை நாம் பழக்கத்தால் கண்டுகொண்டோம். அதையே எண்ணாக்க முடியுமா என்று பார்த்ததுதான் கீழே வரும் வரலாறு.

'விமானியின் தவறு' என்ற பெயருக்கு எதிராக

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு வினோதமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானி இறக்கை மடல்களை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றில் உட்காரும். எல்லா அறிக்கைகளிலும் விமானியின் தவறு என்றே எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சக்கரத்துக்கான விசையில் சிறு ரப்பர்ச் சக்கரம் ஒன்றையும், மடலுக்கான விசையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தச் சொன்னார். பார்க்காமல் தொட்டாலே எது எதுவென்று தெரிந்தது. அந்தத் தவறு நின்றுபோனது.

1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இருவர், விசைகளைக் கையாளுவதில் விமானிகளே ஒப்புக்கொண்ட 460 தவறுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை ஆளின் குறையால் வரவில்லை என்றும், கருவியின் அமைப்பே அந்தத் தவறுகளுக்கு இடம் கொடுத்தது என்றும் காட்டினார்கள். 'விமானியின் தவறு' என்ற சொல்லை அவர்கள் தங்கள் அறிக்கையின் தலைப்பிலேயே மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகளில் விமானியின் அனுபவத்தை அளக்கும் முயற்சிகள் நடந்தன. 1969இல் ஜார்ஜ் கூப்பர், ராபர்ட் ஹார்ப்பர் இருவரும் வெளியிட்ட கூப்பர்–ஹார்ப்பர் அளவுகோல் புகழ்பெற்றது. சோதனை விமானி பறந்துவிட்டு வந்து, சில ஆம்–இல்லை கேள்விகளின் வழியே 1 முதல் 10 வரை ஓர் எண்ணைத் தருவார். 1 என்றால் மிக நன்று. 10 என்றால் கட்டுக்கடங்காத விமானம். இன்றும் இது புழக்கத்தில் உள்ளது. ஆனால் இதைப் பயன்படுத்த முதலில் விமானம் வேண்டும். கட்டி முடித்த பிறகு '8' என்று தெரியவந்தால் என்ன செய்வது?

ஒருவரா, இருவரா

வியட்நாம் போரும் 1973 அரபு–இஸ்ரேல் போரும் ஹெலிகாப்டர்கள் பறக்கும் விதத்தையே மாற்றிவிட்டன. தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகள் வந்தபின் உயரத்தில் பறப்பது தற்கொலைக்குச் சமமானது. மரங்களின் தலைக்குக் கீழே, ஓடைகளின் வளைவை ஒட்டி, நிலத்தைத் தடவிக்கொண்டு போகக் கற்றார்கள். அப்படிப் பறக்கையில் ஒருவர் வெளியிலிருந்து கண்ணை எடுக்கவே முடியாது. மற்றவர் வரைபடத்தில் விரலை வைத்தபடியே வழி சொல்ல வேண்டும். பின்னர் இரவுநோக்குக் கண்ணாடி வந்தது. இருளில் பார்க்க முடிந்தாலும், வழக்கமாக ஏறத்தாழ 200 பாகைக்கு விரியும் பார்வை அதில் 40 பாகையாகச் சுருங்கியது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே ஒரு தனி வேலையானது.

இந்த நிலையில்தான் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரைப்படை எல்எச்எக்ஸ் என்ற இலகு ரக ஹெலிகாப்டர் திட்டத்தை முன்வைத்தது. பழைய ஹெலிகாப்டர்கள் ஆயிரக்கணக்கில் மாற்றப்பட இருந்தன. அதில் ஒரே ஒரு விமானி இருந்தால் எடை குறையும், செலவு குறையும், பயிற்சி தர வேண்டியவர்களின் எண்ணிக்கையும் பாதியாகும். மீதி வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இந்த நம்பிக்கை சரியா என்று சொல்ல எந்தச் சோதனை விமானியாலும் முடியாது. ஹெலிகாப்டர் அப்போது காகிதத்தில்தான் இருந்தது.

அலபாமா மாநிலத்தில் ஃபோர்ட் ரக்கர் என்ற இடத்தில் அத்தரைப்படையின் வான்பயிற்சி மையம் உள்ளது. அங்கே அனகாபா சயின்சஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மெக்கிராக்கன், ஆல்ட்ரிச் இருவரும் 1984இல் ஒரு வழி கண்டார்கள். ஒரு போர்ப் பறப்பைக் கட்டங்களாகப் பிரித்தார்கள். கட்டத்தைப் பகுதிகளாக, பகுதியைச் செயல்களாக, செயலைத் தனித்தனிப் பணிகளாக உடைத்தார்கள். 'எரிபொருள் மானியைப் பார்', 'அலைவரிசையை மாற்று' என்ற அளவுக்கு நுணுக்கமாக. ஒவ்வொரு பணிக்கும் கண், காது, அறிவு, கை ஆகிய நான்கு வாயில்களிலும் எவ்வளவு சுமை என்று எண் கொடுத்தார்கள். நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இது விஏசிபி அளவுகோல் என்று அழைக்கப்படலாயிற்று.

தொடக்கத்தில் அந்த எண்கள் ஆய்வாளர்களின் ஒருமித்த கருத்தாகவே இருந்தன. பின்னர் ஆல்ட்ரிச்சுடன் சாபோ, பியர்பாம் ஆகியோர் சேர்ந்து, பயிற்சி விமானிகளிடம் பணிகளை இரண்டிரண்டாகக் காட்டி 'இவற்றில் எது கடினம்?' என்று கேட்டு, விடைகளிலிருந்து எண்களைத் திருத்தினார்கள். கடைசியில் நிலைபெற்ற அளவுகோலில் சிலவற்றைச் சொல்கிறேன். கண்ணுக்கு: ஏதோ ஒன்று தென்பட்டதாக உணர்வது 1.0. ஒன்றைப் பின்தொடர்ந்து பார்ப்பது 5.4. எழுத்தையோ எண்ணையோ படிப்பது 5.9. தொடர்ந்து துழாவிப் பார்ப்பது 7.0. காதுக்கு: ஒலி கேட்டதை அறிவது 1.0. பேச்சைப் புரிந்துகொள்வது 4.9. அறிவுக்கு: பழக்கத்தால் தானாகச் செய்வது 1.0. நினைவிலிருந்து எடுப்பது 5.3. மனக்கணக்குப் போடுவதும் மதிப்பிடுவதும் 7.0. கைக்கு: ஒரு பொத்தானை அழுத்துவது 2.2. எழுதுவது 6.5. விசைப்பலகையில் தட்டுவது 7.0.

ஒரே வாயிலில் ஒரே நேரத்தில் விழும் சுமைகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 7ஐத் தாண்டினால் மிகைச்சுமை. வெளியே மரவரிசையைப் பின்தொடர்ந்தபடி (5.4) ஓர் அளவுமானியையும் படிக்க வேண்டுமென்றால் (5.9), கண்ணின் கணக்கு 11.3. ஒரு மனிதரால் இது ஆகாது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் செய்வார். விட்டது எது என்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது. அதே செய்தியை மற்றவர் வாயால் சொன்னால், கண்ணில் 5.4, காதில் 4.9. இரண்டும் எல்லைக்குள் அடங்கிவிடும். வால்பாறை நடத்துநரின் விசிலுக்கு இதைவிடச் சுருக்கமான கணக்கை நான் பார்த்ததில்லை.

கணினி இந்தக் கூட்டலைப் பறப்பு முழுவதற்கும் அரை நொடிக்கு ஒருமுறை செய்தது. முறை 'டால்' என்ற பெயரில் ஒழுங்குபட்டது. விடை திட்டத்தாருக்கு உவப்பாக இல்லை. ஒற்றை விமானி என்று வைத்துக் கணக்கிட்டபோது மிகைச்சுமைக் கணங்கள் குவிந்தன. இருவர் என்றபோது வெகுவாகக் குறைந்தன. தானியங்கிக் கருவிகளைச் சேர்த்தால் எந்த வேலையைத் தானியங்கியாக்கினால் அதிகப் பயன் என்பதையும் அது காட்டியது. ஒற்றை இருக்கையா இரட்டை இருக்கையா என்ற விவாதம் மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. 1991இல் போயிங்–சிகோர்ஸ்கி கூட்டணிக்கு ஒப்பந்தம் கிடைத்தபோது வரையப்பட்டது ஒருவர் பின் ஒருவராக இருவர் அமரும் ஹெலிகாப்டர். கமாஞ்சி என்ற அது 1996 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு முன்மாதிரிகளோடு 2004 பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. ஹெலிகாப்டர் போய்விட்டது, அதற்காகக் கண்டுபிடித்த கணக்கு மட்டும் தங்கிவிட்டது. அப்பாச்சி, பிளாக் ஹாக், சினூக் ஹெலிகாப்டர்களுக்கும் அதே ஃபோர்ட் ரக்கர் குழு பணிப் பட்டியல்களை எழுதியது. இன்றைக்கு அமெரிக்கத் தரைப்படையின் 'இம்ப்ரின்ட்' மென்பொருளுக்குள்ளும் அந்த எண்கள் இருக்கின்றன.

கணக்கு சரியா என்று பார்த்தல்

முன்கணிப்பை எதனோடு ஒப்பிடுவது? பறந்தவரைக் கேட்பது ஒரு வழி. 1988இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சாண்ட்ரா ஹார்ட், லோவல் ஸ்டேவ்லேண்டுடன் இணைந்து வெளியிட்ட நாசா–டிஎல்எக்ஸ் என்ற கேள்வித்தாள் இதற்குப் பெரிதும் உதவியது. மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, செயல்திறன், முயற்சி, எரிச்சல் ஆகிய ஆறு கோடுகளில் பறந்தவர் தன் நிலையைக் குறிப்பார். ஆறையும் இரண்டிரண்டாக 15 முறை ஒப்பிட்டு எது முக்கியம் என்றும் சொல்வார். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டிலிருந்த அரச வானூர்தி ஆய்வகம் இன்னும் எளிய ஒன்றை வைத்திருந்தது. 'இந்த வேலைக்கு மேல் இன்னொரு வேலை கொடுத்தால் உங்களால் கவனிக்க முடியுமா?' என்பதுதான் அதன் சாரம். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது, சுமை எவ்வளவு என்று கேட்பதைவிட நேரான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

பிளாக் ஹாக் பாவனைக் கருவியில் விமானிகளைப் பறக்கவிட்டு அவர்கள் சொன்னதையும் டால் சொன்னதையும் ஒப்பிட்டபோது, சுமை ஏறும் இடங்களும் இறங்கும் இடங்களும் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆனாலும் குறைகள் வெளிப்படையானவை. சுமைகளை நேராகக் கூட்டுவது சரியா என்று உளவியலாளர்கள் கேட்டார்கள். கிறிஸ்டோபர் விக்கன்ஸ் என்பவர் மனித கவனம் ஒரே குடம் அல்ல, பல குடங்கள் என்றார். கண்ணும் காதும் ஒன்றோடொன்று மோதுவது குறைவு, கண்ணும் கண்ணும் மோதுவது அதிகம். எவ்வளவு மோதும் என்பதற்கும் தனி எண் வேண்டும். 1980களின் நடுவில் நாசா ஏம்ஸும் தரைப்படையும் சேர்ந்து தொடங்கிய மிடாஸ் திட்டம், விமானியையே ஒரு கணினி மாதிரியாகச் செய்து விமானி அறைக்குள் உட்காரவைத்தது.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. பள்ளியில் கால அட்டவணை போடும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. யாருக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை என்று கூட்டிப் பார்த்துச் சமமாகப் பிரிப்பேன். தாளில் இருவருக்கும் 28 இருக்கும். ஒருவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார், மற்றவர் தொண்டை கட்டிப் போவார். அட்டவணையில் எழுதாத வேலை கணக்கில் வராது. ஃபோர்ட் ரக்கர் அட்டவணையும் அப்படித்தான். ஆய்வாளர் எழுதிய பறப்புக்குத்தான் அது சுமையைச் சொல்லும். 'திடீரென மேகத்துக்குள் நுழைந்தால்' என்ற ஒரு பகுதியை யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அதற்கு எண் கிடைக்கும்.

மேகத்துக்குள் நடப்பது

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்பத் தொடங்குவதையும் திரும்பி நிற்பதையும் அவை உணரும். ஒரே வேகத்தில் நீடிக்கும் திருப்பத்தை அவற்றால் உணர முடியாது. மிக மெதுவான சாய்வையும் உணரா. தரையில் இதனால் ஒன்றும் கெடுவதில்லை, கண் திருத்திவிடும். வெளியே வெள்ளையாக ஒன்றுமே தெரியாதபோது அந்தத் திருத்தம் இல்லை. சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும் வண்டி நேராகப் போவதாக உடல் அடித்துச் சொல்லும். அளவுமானியோ வேறு சொல்லும். உடலை நம்பாமல் மானியை நம்ப வேண்டும்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். மானிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, விமானத்தில் வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கச் செய்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சிலர் 20 நொடியில், சிலர் 480 நொடியில். சராசரி 178 நொடி. அவர்கள் பயிற்சி பெறாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பயிற்சி பெற்ற ராணுவ விமானிகள் இந்த மாற்றத்தைச் சமாளிப்பவர்கள். ஆனால் அவர்களுக்கும் வெளிப்பார்வையிலிருந்து மானிக்குக் கண்ணை மாற்றும் அந்தச் சில நொடிகள் உண்டு. அந்த நொடிகளில் மலை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

விஏசிபி எண்களை வைத்துப் பொதுவாகவே பார்க்கலாம். இது 2021 விபத்தின் கணக்கன்று, மேகத்துக்குள் நுழையும் எந்த ஹெலிகாப்டருக்குமான உதாரணம். நுழையும் முன் விமானியின் கண் நிலத்தைப் பின்தொடர்கிறது: 5.4. நுழைந்ததும் மானிகளைத் தொடர்ந்து துழாவ வேண்டும்: 7.0. அந்த ஒரு வேலையிலேயே கண்ணின் எல்லை நிரம்பிவிட்டது. மலை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்ற மதிப்பீடு அறிவுக்கு இன்னொரு 7.0. வரைபடத்தை மற்றவர் படித்துச் சொல்லலாம் (அவருக்கு 5.9), விமானியின் காதில் 4.9 ஏறும். ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதென்றால் கண்ணில் மட்டும் 12.9. இருவர் இருக்கும்போது தாளில் எதுவும் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் இருவருமே இயல்பாக வெளியே நிலத்தைத் தேடினால் அந்தப் பிரிவினை குலைந்துவிடும். யார் எதைப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே பேசி, பாவனைக் கருவியில் பலமுறை பழகியிருந்தால்தான் தாளில் உள்ள பிரிவினை காற்றிலும் நிற்கும். இரண்டாவது இருக்கை அந்தப் பழக்கத்துக்கு வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவே.

சூலூரிலிருந்து நீலகிரி

சூலூர் ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் கையில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் நம் கடற்படையின் வான்பிரிவு அங்கே இயங்கியது. ஐஎன்எஸ் ஹன்சா 1961இல் அங்கேதான் தொடங்கப்பட்டு, கோவா விடுதலைக்குப் பின் தபோலிமுக்குப் பெயர்ந்தது. இன்று விமானப்படைத் தளமான சூலூரில் துருவ் ஹெலிகாப்டர்களைக் கொண்ட சாரங் சாகசக் குழு இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் வானில் அண்ணாந்து பார்க்கும் ஹெலிகாப்டர்களில் பல அங்கிருந்து வருபவை.

சூலூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. வெலிங்டனும் குன்னூரும் ஏறத்தாழ 1,850 மீட்டர். அரை மணி நேரத்துக்குள் சமவெளியிலிருந்து இவ்வளவு ஏற வேண்டும். மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் நிலம் சுவர்போல் எழும். வடகிழக்குப் பருவத்தில் அந்தச் சரிவில் மேகம் எப்படி ஏறும் என்பதை மலை ரயிலில் போனவர்கள் அறிவார்கள். கல்லாறில் வெயில் இருக்கும், குன்னூரை நெருங்கும்போது பத்தடி தெரியாது. விபத்துக்குச் சற்று முன் அந்த மலை ரயில் தண்டவாளத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்த காணொளியை நாடே பார்த்தது. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போகிறது, வெண்மூட்டத்துக்குள் மறைகிறது. பிறகு சத்தம் மட்டும்.

எம்ஐ-17வி5 பழைய வண்டியல்ல. ரஷ்யாவின் கசானில் தயாராகி 2012 பிப்ரவரியில் நம் விமானப்படையில் முறைப்படி சேர்ந்தது. தானியங்கி இயக்கமும் வானிலை ரேடாரும் உண்டு. இரண்டு விமானிகளோடு, இயந்திரங்களைக் கவனிக்கப் பறப்புப் பொறியாளர் ஒருவரும் இருப்பார். ஆள் எண்ணிக்கை என்ற பழைய கேள்வி அங்கே எழவே இல்லை.

அன்று அதே ஹெலிகாப்டரில் பயணியாக வந்த வருண் சிங், சுமை என்றால் என்ன என்பதை ஓராண்டுக்கு முன்பே அனுபவித்தவர். 2020 அக்டோபர் 12 அன்று அவர் தேஜஸ் போர் விமானத்தில் தனியாகப் பறந்தபோது, உயரத்தில் அறையின் காற்றழுத்த அமைப்பு பழுதானது. கீழே இறங்கி வருகையில் கட்டுப்பாட்டுக் கணினியும் செயலிழந்து விமானம் தாறுமாறாகச் சுழன்றது. குதித்துத் தப்ப அவருக்கு உரிமை இருந்தும், விமானத்தை மீட்டுத் தரையிறக்கினார். அதற்காக 2021இல் சௌர்ய சக்ரா பெற்றார். முப்படைத் தளபதியை வரவேற்று அழைத்துச் செல்ல வெலிங்டனிலிருந்து சூலூருக்கு வந்திருந்தார்.

இந்திய முயற்சிகள்

இந்தியாவில் விமானிகளின் உடலும் மனமும் குறித்த ஆய்வுக்குத் தாயிடம் பெங்களூரு. 1957இல் வான் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று விண்வெளி மருத்துவ நிறுவனமாக உள்ளது. இட உணர்வு மயக்கத்தைத் தரையிலேயே அனுபவிக்கச் செய்யும் சுழல் கருவிகளில் விமானிகள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். இத்துறைக்கான இந்திய ஆய்விதழில் பணிச்சுமை பற்றிய கட்டுரைகள் வருகின்றன. நாசா–டிஎல்எக்ஸ் இங்கும் பழக்கமான கருவிதான்.

ஹெலிகாப்டர்களின் வடிவமைப்பிலும் மாற்றம் தெரிகிறது. 1960களிலிருந்து இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த சேத்தக்கிலும், சியாச்சினில் 6,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இன்றும் இறங்கும் சீட்டாவிலும் வட்ட வட்டமான முள் மானிகள்தான். படித்துக் கூட்டிப் புரிந்துகொள்ளும் வேலை முழுக்க விமானியுடையது. 1992 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த துருவின் பிந்தைய வகைகளில் அவை மின்திரைகளாயின, தானியங்கி இயக்கம் சேர்ந்தது. 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்த பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டரில் இருவர் முன்னும் பின்னுமாக அமர்கிறார்கள். ஃபோர்ட் ரக்கர் அரை நொடிகளைக் கூட்டிச் சொன்ன எண்ணும் அந்த இரண்டுதான். 156 பிரசண்ட்களுக்கான ஒப்பந்தம் 2025 மார்ச்சில் கையெழுத்தாகியிருக்கிறது.

விசாரணைக் குழு 2021 விபத்தையொட்டிச் சில பரிந்துரைகளையும் செய்தது. அவை பரிசீலனையில் இருப்பதாக 2022 ஜனவரி அறிக்கையின் கடைசி வரி சொல்கிறது. நிலைக்குழுவின் பட்டியலில் பரிந்துரைக்கென்று கட்டம் இல்லை. காரணம் என்ற கட்டம் மட்டும் இருக்கிறது. சப்பானிஸ் பி-17இன் விமானி அறைக்குள் ஏறிப் பார்த்தது, அப்படி ஒரு கட்டத்தில் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான்.